கோப்பின் பெயர் வரவில்லை

ஆலத்தம்பாடி கூட்டுறவுச் சங்கத்தில்
நான்கு கணினிகள். ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை.
'வட்டு இல்லாக் கணினி' என்று
டெண்டரில் எழுதியிருந்தார்கள், விலை குறைவு.
காலையில் பொத்தானை அழுத்தினால்
தான் யாரென்று தெரியாமல் விழிக்கும்.
கேபிளில் வாய் வைத்து
எல்லோருக்கும் கேட்கக் கூவும்:
யாராவது இருக்கிறீர்களா,
எனக்கொரு முகவரி கொடுங்கள்.

பீரோவுக்குப் பின்னாலிருக்கும் சர்வர்
முகவரி கொடுக்கும்,
எந்தக் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்று
பெயரும் சொல்லும்.
துண்டு துண்டாக அதை இழுத்து
நெஞ்சில் ஏற்றிக்கொண்டு எழுந்து உட்காரும்.
மூன்று வருடமாக இப்படித்தான்.

இன்று எழவில்லை.
பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள்.
சிட்டா, அடங்கலைச் சாக்குப்பையில் சுற்றிக்கொண்டு
வெளியே அறுபது பேர்.
'கரண்டு இருக்குல்ல, அப்பறம் என்னவாம்?'
ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு மூக்கு.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவள்
ரெயின்கோட்டைக் கழற்றவில்லை.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
முகவரி கிடைத்தது.
கோப்பின் பெயர் வரவில்லை.

எலி மேல் பழி போடுவது எங்கள் தொழில் வழக்கம்.
கேபிளைத் தடவிக்கொண்டே போனேன், பல்தடம் இல்லை.
ஸ்விட்சில் பச்சைப் புள்ளிகள் துடித்தன.
சர்வரின் பதிவைத் திறந்தேன்.
காலை ஒன்பதிலிருந்து ஒரே புலம்பல்:
கேட்டார்கள்,
தருகிறேன் என்றேன்,
வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டார்கள்.
கேட்டார்கள்,
தருகிறேன் என்றேன்.

செயலாளர் வைரக்கண்ணு மூன்றாம் முறை டீ சொன்னார்.
'மதகு தொறந்தும் கடமடைக்குத் தண்ணி ஏறல. அந்தக் கததானேம்மா?'
ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அப்போதுதான் எண்ணைப் பார்த்தேன்.
எங்கள் முகவரிகள் பத்தில் தொடங்கும்.
திரையில் இருந்தது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

'தண்ணி வந்திருக்கு சார்.
கடல் பக்கத்துலேர்ந்து ஏறியிருக்கு.'
டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.
உப்பு ஏறிய வாய்க்காலை
அவருக்கு விளக்கத் தேவையில்லை.

ஸ்விட்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினேன்.
ஏழாவது புதிது, நீலநிறம்.
வென்டிலேட்டர் வழியாக நகைக்கடன் அறைக்குள் இறங்கி
தராசு மேஜைக்கு அடியில்
இரண்டு கொம்பு முளைத்த வெள்ளைப் பெட்டியில் முடிந்தது.

மதிப்பீட்டாளர் பக்கிரிசாமி
உரைகல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
'இந்த ரூம்ல சிக்னல் இல்ல மேடம்.
தங்க வெல பாக்கணும்ல? நேத்துதான் வாங்குனேன்.'
எத்தனையோ முலாம் வளையல்களை
ஒரே கோட்டில் கண்டுபிடித்தவர்.
அவர் பெட்டிதான்
சர்வர் வாய் திறக்குமுன் முந்திக்கொண்டு
தெரியாத வீட்டுக்கு வழி சொல்லியிருந்தது,
பாவம், கெட்ட எண்ணம் இல்லாமல்.

வைரக்கண்ணு அதைப் பிடுங்கி எறியப் போனார்.
வேண்டாம் என்றேன்.
உள்ளே போய் ஒரே ஒரு டிக் எடுத்தேன்:
இனி அது யாருக்கும் முகவரி தராது.
தங்க விலை மட்டும் தரும்.

மூன்று எழுந்தன.

நான்காவதற்கு அது வியாதியே இல்லை.
கரண்டு போய் வந்ததில்
அதன் தேதி பதினைந்து வருடம் பின்னால் போயிருந்தது.
கம்பியில் கேட்க வேண்டும் என்பதையே மறந்து
தன்னிடம் இல்லாத வட்டைத்
தேடிக்கொண்டிருந்தது.
பொத்தான் பேட்டரி செத்துவிட்டது.
என் பையில் இல்லை. மழையில் எந்தக் கடை?

பக்கிரிசாமி எழுந்து போனார்.
கைத்தராசைக் கவிழ்த்து, மூடியை நகத்தால் நெம்பி,
வெள்ளிக்காசு போல ஒன்றை
என் உள்ளங்கையில் வைத்தார்.
'இன்னிக்கு யாரும் நகை கொண்டாரல.
திங்கக்கெழம திருப்பித் தரணும்.'

'வட்டு இல்லாத மிஷினுக்கு
வட்டி இல்லாத கடன்' என்றார் வைரக்கண்ணு.
அவர் ஒருவர்தான் சிரித்தார்.
ஜன்னல் மூக்கு உள்ளே வந்து
நாலாவது கணினிக்கு முன் உட்கார்ந்து,
சர்வே எண்ணைச் சொல்ல ஆரம்பித்திருந்தது.